காட்சிப்பொருளாகும் ஊர்: மினிக்காயும் சமோவாவும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ நேர் மேற்கே, கடலில் 425 கிலோமீட்டர் தொலைவில் மினிக்காய் இருக்கிறது. ஆயினும் இங்கிருந்து அங்கே நேராகச் செல்ல இயலாது. வடக்கே கொச்சிக்குச் சென்று கப்பலேற வேண்டும். அதற்கு முன் நுழைவு அனுமதி பெற வேண்டும். 1967ஆம் ஆண்டின் நுழைவு, வசிப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தியக் குடிமக்களையும் கட்டுப்படுத்துகின்றன. இவ்வாறு சென்று சேரும் சுற்றுலாப் பயணியை ஊர்த்தலைவர் ஊர்ப் பொதுவீட்டில் வரவேற்கிறார், சிற்றுண்டி தரப்படுகிறது, லாவா ஆட்டம் நிகழ்கிறது, மாலையில் விருந்தினர் கப்பலுக்கோ விடுதிக்கோ திரும்புகின்றனர். விளம்பரத் தாள்கள் இதனை ‘மரபுவழிக் கிராமத்தைக் காணல்’ என்கின்றன.

பசிபிக் பெருங்கடலின் சமோவாவுக்குச் செல்லும் பயணிக்கும் ஏறத்தாழ இதே நிகழ்ச்சிநிரல்தான் வாய்க்கிறது. சுவரற்ற வட்டக் கூடமான ‘ஃபலே’, அங்கே முறைப்படி வழங்கப்படும் ‘ஆவா’ பானம், பின்னர் ஆடல். இரண்டு இடங்களிலும் பயணி காண்பது ஒரு வரவேற்பை. அந்த வரவேற்பை அளிப்பது ஓர் ஆட்சியமைப்பு என்பது அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சமோவாவில் அந்த அமைப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மினிக்காயில் அது இன்னும் பெரிதும் விளம்பரத் தாளில் மட்டுமே இருக்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதே இப்பதிவின் கேள்வி.

மினிக்காயை அதன் மக்கள் ‘மலிக்கு’ என்கின்றனர். ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம்; 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே கடந்திருந்தது. பிற லட்சத்தீவுகளில் மலையாளத்தின் கிளைவழக்கு பேசப்பட, இங்கே பேசப்படுவது மாலத்தீவின் திவேகியோடு ஒன்றான மஹல் மொழி. தீவு இன்று பதினோரு ஊர்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பொடு அத்திரி, குடேஹி, ரம்மேடு போன்றவை அவற்றின் பெயர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஆடவர் தலைவர் ‘பொடுகாக்கா’, பெண்டிர் தலைவி ‘பொடுதாத்தா’. ‘பொடு’ என்றால் பெரிய என்று பொருள். காக்கா, தாத்தா என்னும் சொற்கள் இலங்கை முஸ்லிம்களின் தமிழிலும் முறையே தமையனுக்கும் தமக்கைக்கும் வழங்குவதை நினைவிற்கொண்டால், தமிழ் மாணவர்கள் ‘பெரிய தாத்தா’ என்று பிழைபட வாசிக்கும் இடர் நீங்கும்.

ஊர் என்பது அங்கே வெறும் குடியிருப்பன்று. படகைக் கரையேற்றுவது, பொதுவிடங்களைத் துப்புரவு செய்வது, விருந்துக்குச் சமைப்பது ஆகியவற்றில் யார் முறை எப்போது வரும் என்பதை ஊரே வகுக்கிறது. ‘ஜஹாதோணி’ எனப்படும் நீண்ட பந்தயப் படகும் ஊரின் உடைமை, தனியார் ஒருவருடையதன்று. வரவேற்பு நிகழும் பொதுவீடும் அப்படியே. பயணி அமரும் இருக்கை கூட்டுடைமையின் ஒரு பகுதி.

இத்தகைய ஊரை அறிவுலகம் எவ்வாறு கண்டது? 1899இல் ஸ்டான்லி கார்டினர் என்னும் கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் மினிக்காயில் வந்திறங்கினார். அவருடைய முந்தைய பயணம் நம் பொருளுக்கு நெருக்கமானது. பவளப்பாறையைத் துளையிட்டு ஆராய 1896இல் ஃபுனஃபுதிக்குச் சென்ற குழுவில் அவர் இருந்தார். அதன்பின் ரோதுமாத் தீவில் தங்கி, அம்மக்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை 1898இல் வெளியிட்டார். ராஹோ என்னும் முன்னோன் சமோவாவிலிருந்து கொணர்ந்த மண்ணால் உருவான தீவு என்பது ரோதுமாவின் தோற்றக் கதை. ஆக, சமோவாவின் அண்டைக் கடலில் தீவுகளைப் பார்க்கப் பழகிய கண்தான் மினிக்காயையும் பார்த்தது. அப்பயணத்தின் விளைவாக வெளிவந்து 1906இல் நிறைவுற்ற இரு பெருந்தொகுதிகளின் தலைப்பு, மாலத்தீவு, லட்சத்தீவுக் கூட்டங்களின் ‘விலங்கினமும் புவியியலும்’ என்பது. கார்டினரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. பவளப்பாறை எவ்வாறு வளர்கிறது என்பதே அவர் கேள்வி. அதற்கு அவர் அளித்த உழைப்பு பெரிது. ஆனால் மக்கள் அக்கேள்வியின் ஓரத்தில் நின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சமோவாவின் புகழ்பெற்ற விருந்தினர் மார்கரெட் மீட். 1925–26இல் தாவு தீவில் ஆய்வு செய்தபோது அவர் தங்கியது சமோவக் குடும்பத்தின் ஃபலேயில் அன்று, அமெரிக்கக் கடற்படையின் மருந்தக வீட்டில். 1928இல் வெளிவந்த அவர் நூலை 1983இல் டெரிக் ஃபிரீமன் கடுமையாக மறுத்தார். அந்தப் பெரும்பூசல் இளம்பெண்களின் பாலுறவு ஒழுக்கத்தையே சுற்றிச் சுழன்றது; ஊரவை எவ்வாறு முடிவெடுக்கிறது என்பது அதில் பின்தள்ளப்பட்டது. மானிடவியல் வகுப்புகளில் இன்றும் பூசலைத்தான் கற்பிக்கிறோம்.

வெளியுலகம் தீண்டாத தீவு என்னும் படிமம் மினிக்காயைப் பொறுத்தவரை அடிப்படையிலேயே தவறானது. அத்தீவின் பாய்மரக் கலங்கள் கல்கத்தா வரையும் பர்மா வரையும் சென்று வந்தன. நீராவிக் கப்பல்கள் பெருகியபின் அதன் ஆடவர் உலகக் கப்பல்களில் மாலுமிகளாயினர். 1885இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம், ஏடன்–கொழும்பு வழியில் செல்லும் கப்பல்களுக்காக எழுந்தது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் ‘மாஸ்’ நம் கடலோரச் சமையலறைகளில் மாசிக்கருவாடு என்னும் பெயரில் என்றோ குடியேறிவிட்டது. மார்க்கோ போலோ கூறும் ‘பெண்கள் தீவு’ இதுவே எனப் பிற்காலத்தார் சிலர் ஊகித்தனர். ஊகத்தை ஒதுக்கிவைத்தாலும், ஆண்டின் பெரும்பகுதி ஆடவர் கடலில் இருக்கும் ஊரைப் பெண்டிர் நடத்தினர் என்பது உண்மை. பொடுதாத்தா என்னும் பதவி அந்த உழைப்புப் பிரிவினையில் வேரூன்றியது. இதனை அழகிய பழக்கம் என்று மட்டும் எழுதுவோர் கப்பல் நிறுவனங்களின் வரலாற்றைத் தவறவிடுகின்றனர்.

அலி மணிக்ஃபானின் வாழ்க்கையும் இதற்குச் சான்று. 1938இல் மினிக்காயில் பிறந்து, பள்ளிக்கல்வியை இடையில் விட்டு, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்து, இராமநாதபுரம் மாவட்டத்து வேதாளையில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். ஒரு மீனினத்தின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த கலத்தில் டிம் செவரின் 1980–81இல் ஓமானிலிருந்து சீனம் வரை சென்றபோது, அக்கலத்தைக் கட்டிய குழுவை வழிநடத்தியவர் அவரே. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மரபறிவு என்றால் ஓரிடத்தில் உறைந்து நிற்பது என்று எண்ணுவோர் இவ்வாழ்க்கையை எங்கே வைப்பர்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். சமோவா 1962இல் விடுதலை பெற்றபோது, வழக்காற்று நிலத்தை விற்கலாகாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அத்தகையது. குடும்பத் தலைவர்களான ‘மத்தாய்’கள் கூடும் ஊரவைக்கு, ‘ஃபோனோ’வுக்கு, 1990இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இதனைப் பொன்னுலகாகக் கொள்ள வேண்டாம். அதே 1990 வரை மத்தாய்கள் மட்டுமே பொதுத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. ஊரவை மக்களை ஊர்விலக்கம் செய்த வழக்குகளும் உண்டு. மினிக்காயிலும் மணிக்ஃபான், தக்ருஃபான், தக்ரு, ரவேரி எனப் படிநிலைகள் இருந்தன; தென்னையேறும் உழைப்பு கடைசிப் பிரிவினர்மேல் விழுந்தது. ஊருக்கு அதிகாரம் என்றால் ஊருக்குள் யாருக்கு அதிகாரம் என்ற வினாவும் கூடவே எழும். ஆனால் சமோவாவில் அவ்வினாவை நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுப்ப முடிகிறது. அமைப்பு சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதே காரணம்.

மினிக்காயின் பாதை வேறு. கண்ணூர் ஆலிராஜாக்களின் ஆளுகையில் இருந்த தீவு, திறைப் பாக்கிக்காக 1875இல் ஆங்கிலேயர் மேற்பார்வைக்குள் வந்தது. 1909இல் முழுமையாகக் கைமாறி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு ஆளப்பட்டது. 1912ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ‘அமீன்’ என்னும் அலுவலருக்கு நீதி அதிகாரம் அளித்தது. 1956 நவம்பர் 1இல் ஒன்றியப் பகுதி உருவானது. 1994இன் பஞ்சாயத்து ஒழுங்குமுறை ஒவ்வொரு தீவையும் ஓர் அடிப்படை அலகாகக் கொண்டது. மினிக்காயின் பதினோரு ஊர்களும் அந்த ஓர் அலகுக்குள் அடங்கின. பொடுகாக்கா அதன் உறுப்பு அல்லர். ஆலிராஜா காலத்துப் ‘பண்டார நிலம்’ என்னும் வகைப்பாடு மட்டும் எல்லா ஆட்சிகளையும் தாண்டி வந்து இன்றும் தகராறுக்கு உரியதாக நிற்கிறது.

2021இல் நிலத்தைக் கையகப்படுத்தித் திட்டமிடும் விரிந்த அதிகாரத்தை நிர்வாகத்துக்கு அளிக்கும் வரைவு ஒழுங்குமுறை வெளிவந்தபோது தீவுகள் முழுதும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு மே 31இல் திருவனந்தபுரத்தில் கேரளச் சட்டப்பேரவை லட்சத்தீவு மக்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வாழ்வாதாரம், பண்பாடு, மக்களாட்சி உரிமை ஆகிய சொற்கள் அன்றைய விவாதங்களில் மிகுதியாக ஒலித்தன. மினிக்காயில் நிலம், படகு, உழைப்பு ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் ஊர் என்றோர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்னும் வாதம் அவற்றில் முன்னிலை பெறவில்லை. நுழைவு அனுமதியைத் தளர்த்துவதா, விடுதிகளை எங்கே கட்டுவது என்ற இன்றைய பேச்சுகளுக்கும் இது பொருந்தும்.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். மலபார் மாவட்டக் கோப்புகள் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் கிடைக்கின்றன. அவை அதிகாரிகளின் கண்கொண்டு எழுதப்பட்டவை. ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதியதைப் படிக்கத் தானா எழுத்து வேண்டும். வலமிருந்து இடமாகச் செல்லும் அவ்வெழுத்தின் முதல் ஒன்பது குறிகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்தும் பிறந்தவை. மெய்க்குறிகள் மொத்தம் இருபத்துநான்கே. வட்டெழுத்தைப் படிக்கப் பழகியவருக்கு அது சில வாரப் பயிற்சிதான்.