டிராக்டர் ஹெட்லைட் மாற்றினீர்களா? ஃபோகஸையும் சரிபாருங்கள்!

கரும்பு வெட்டும் நெல் அறுவடையும் நடக்கும் நாட்களில் பொழுது சாய்ந்த பிறகும் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. ஆலைக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் லோடு போவது பெரும்பாலும் இருட்டில்தான். ஹெட்லைட் உடைந்தாலோ பல்பு போனாலோ புதிதாக மாட்டி, எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறோம். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். உங்கள் டிராக்டரின் ஹெட்லைட் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சம் 5 செ.மீ. மட்டும் மேலே ஏறி விழுந்தால், அது பெரிய தவறாகத் தெரியாது. ஆனால் அதே வெளிச்சம் 50 மீட்டர் தூரத்தில் 50 செ.மீ. மேலே ஏறியிருக்கும். அதாவது தரையிலிருந்து 160 செ.மீ. எதிரே பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். கண் கூசினால் அவருக்கு ரோட்டின் ஓரமும் தெரியாது, உங்கள் டிரெய்லரின் அகலமும் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு சுவர், டேப், சாக்பீஸ், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். அரை மணி நேர வேலை.

பல்பு மாட்டும்போது

* சுவிட்சை அணைத்து, பழைய பல்பு ஆறிய பிறகே கழற்றுங்கள்.
* ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.
* எச்4 வகை பல்பில் காது போல மூன்று தகடுகள் இருக்கும். அகலமான தகடு மேலே வர வேண்டும். பல்பு கோணலாக உட்கார்ந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஃபோகஸ் வராது.
* பழைய பல்பில் எத்தனை வாட் இருந்ததோ அதே வாட் போடுங்கள். கூடுதல் வாட் போட்டால் வயரும் ஹோல்டரும் சூடாகும்.
* ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டினால், ஒளி புறப்படும் இடம் மாறி வெளிச்சம் சிதறக்கூடும். சுவரில் தெளிவான விளிம்பு விழவில்லை என்றால் அந்தப் பல்பு வேண்டாம்.

சுவரில் கோடு போடுங்கள்

சமதளமான இடம் வேண்டும். சிமெண்ட் களமும் பக்கத்தில் குடோன் சுவரும் இருந்தால் நல்லது. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ரோட்டில் எப்படிப் போவீர்களோ அப்படியே வண்டியை நிறுத்துங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கியபடி ஓட்டுபவர் அதைத் தூக்கி வைத்தே பார்க்க வேண்டும். பின்பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாக எழும்பும், வெளிச்சமும் கூடவே எழும்பும்.

1. வண்டியைச் சுவருக்கு நேராக, எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்துங்கள். இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளியையும் சுவரில் பெருக்கல் குறியாகப் போடுங்கள். தரையிலிருந்து குறிகளின் உயரம் விளக்கின் உயரத்துக்குச் சமமா என்று டேப்பில் சரிபாருங்கள்.
2. ஒவ்வொரு குறி வழியாகவும் நேர்க்குத்தாக ஒரு கோடு போடுங்கள்.
3. குறிகளுக்கு 10 செ.மீ. கீழே, அதாவது 4 அங்குலம் கீழே, படுக்கையாக ஒரு கோடு போடுங்கள்.
4. ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பின்னால் வந்து, விளக்குக் கண்ணாடிக்கும் சுவருக்கும் 5 மீட்டர் (சுமார் பதினாறரை அடி) இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

உங்கள் டிராக்டரின் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்க்ரூவைத் திருப்புங்கள்

பொழுது சாய்ந்ததும் டிம் லைட்டைப் போடுங்கள். ஒரு விளக்கைச் சாக்குத் துணியால் மறைத்து, மற்றதைப் பாருங்கள். துணியை அதிக நேரம் விடாதீர்கள், சூடாகிவிடும்.

வெளிச்சத்தின் மேல் விளிம்பு, கீழே போட்ட படுக்கைக் கோட்டில் உட்கார வேண்டும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால், பல விளக்குகளில் வலப்பக்கம் விளிம்பு மட்டமாகவும், இடப்பக்கம் சற்று மேலே ஏறியும் இருக்கும். ரோட்டின் இடது ஓரம் தெரிவதற்கான ஏற்பாடு அது. அந்த ஏற்றம் தொடங்கும் முனை நேர்க்குத்துக் கோட்டில் இருக்கட்டும். ஏற்றம் வலப்பக்கம் இருந்தால், அது வலதுபுறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், திருப்பிச் சரிசெய்ய முடியாது.

விளக்கின் வளையத்திலோ பின்புறத்திலோ ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒன்று மேல் கீழாகவும் மற்றது இடம் வலமாகவும் வெளிச்சத்தை நகர்த்தும். கால் சுற்று திருப்பிப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று திருப்புங்கள். போல்ட்டில் நிற்கும் பழைய வகை விளக்கு என்றால், நட்டைத் தளர்த்திக் கையால் சாய்த்து மீண்டும் இறுக்குங்கள். டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் இருந்தால் டிம்மைச் சரிசெய்தால் போதும், பிரைட்டும் சேர்ந்து வந்துவிடும்.

இந்த அளவில் 110 செ.மீ. உயர விளக்கின் டிம் வெளிச்சம் சுமார் 55 மீட்டர் (180 அடி) வரை ரோட்டில் விழும். 30 கி.மீ. வேகத்தில் போகும் டிராக்டருக்கு அது ஆறு விநாடிக்கு மேற்பட்ட தூரம்.

சட்டம் சொல்லும் சோதனை

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-வது விதி, வெளிச்சம் யார் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்பதை அளவோடு சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசக் கூடாது. டிம் போட்டுவிட்டு நீங்களே அந்த இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கூசினால் ஃபோகஸ் இன்னும் இறங்க வேண்டும்.

மறக்கக் கூடாதவை

* விளக்கின் மேல் பாதியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம்தான் குறையும், ஃபோகஸ் சரியாகாது.
* இரவு உழவுக்காக ஹெட்லைட்டைத் தூக்கி வைக்காதீர்கள். அதற்குத் தனி விளக்கு பொருத்துங்கள். பின்பக்க உழவு லைட்டை ரோட்டில் ஏறும் முன் அணைத்துவிடுங்கள். பின்னால் வருபவருக்கு அது கண்ணைக் கூசும், எதிரே வண்டி வருவது போலவும் தெரியும்.
* பைக்குக்கும் இதே முறைதான். ஆனால் ஓட்டுபவர் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்.
* மேடு பள்ளத்தில் ஓடும் வண்டியில் ஸ்க்ரூ தளரும். சீசன் தொடங்கும் முன் ஒருமுறை சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோட்டைப் பெயிண்டால் நிரந்தரமாகப் போட்டுவைத்தால் அடுத்த முறை ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.