23 விஷயங்களும் ஒரு எம்பி3 கருவியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். "ஐயா, லைப்ரரிக்கு ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல் எல்லாம் ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. எங்கூட வேலை பாக்குற ரெண்டு பேர் ரிட்டையராக மூணு வருஷம் இருக்கிறவங்க. மவுஸைத் தொடவே பயப்படுறாங்க. அவங்களுக்கு எப்படிங்கய்யா சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் வழி கேட்டால் வரலாறுதானே கிடைக்கும். அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஷார்லட் என்று ஒரு நகரம். அங்கே 1903-இல் கார்னெகியின் நன்கொடையில் கட்டடம் எழுப்பித் தொடங்கிய பொது நூலகம், பிறகு பல கிளைகளாக வளர்ந்தது. 2006-இல் அதன் தொழில்நுட்பப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஹெலன் பிளோவர்ஸ். வாசகர்கள் வலைப்பூ எழுதுகிறார்கள், படங்களை இணையத்தில் ஏற்றுகிறார்கள். கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கோ அவை என்னவென்றே தெரியவில்லை. இதுதான் அவர் முன் இருந்த சிக்கல். 500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தி முடிவதற்குள் அந்தப் பாடமே பழசாகிவிடும்.

ஸ்டீபன் ஏப்ரம் என்ற கனடா நூலகர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில், நூலகர்கள் இந்த வருடம் செய்து பார்க்க வேண்டிய 43 விஷயங்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பிளோவர்ஸ் அதிலிருந்து யோசனையை எடுத்து, 23 சின்னச் சின்ன வேலைகளாக, ஒன்பது வாரத்துக்கு ஒரு பட்டியல் போட்டார். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கு. ஃப்ளிக்கரில் ஒரு படத்தைத் தேடு. ஒரு விக்கியில் போய் ஒரு வரி சேர். யூடியூபில் பிடித்த ஒரு காணொளியைக் கண்டுபிடித்து அதைப் பற்றி எழுது. அவ்வளவுதான். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. தெரியாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்க வேண்டும். 23-ஐயும் முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 கருவி பரிசு. முடித்தவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு மடிக்கணினி. ஆகஸ்டில் தொடங்கினார்கள். ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

பட்டியலில் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. கற்றுக்கொண்டே இருப்பவர்களின் "ஏழரைப் பழக்கங்கள்" என்ற பாடத்தைப் பார்க்க வேண்டும். (நம் ஊரில் ஏழரை என்று சொன்னாலே ஆள் ஓடிவிடுவார், அது வேறு கதை.) பொறுப்பை நீயே ஏற்றுக்கொள், பிறருக்குச் சொல்லிக்கொடு என்றெல்லாம் ஏழு. கடைசி அரை என்ன தெரியுமா? விளையாடு.

இன்னொன்று என்னை நிறுத்தியது. ஊழியர்கள் சொந்தப் பெயர் போடாமல் புனைபெயரிலும் அந்த வலைப்பூவை எழுதலாம். தப்பும் தவறுமாக எழுதினாலும் மேலதிகாரிக்கும் சக ஊழியருக்கும் முன்னால் முகம் சிவக்க வேண்டாம்.

அதைப் படித்தபோது என் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. உங்களில் யாருக்கும் தெரியாது. அதே காலத்தில்தான் எங்களுக்கும் ஐந்து நாள் கணினிப் பயிற்சி போட்டார்கள். நாற்பது ஆசிரியர்கள், பத்துக் கணினி. முதல் நாள் நான் எதையோ அழுத்தித் திரை கறுப்பாகிவிட்டது. பயிற்சி கொடுத்த பையனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. "சார், நீங்க தொடாதீங்க, சும்மா பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நான்கு நாளும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் செய்தித்தாள் படித்தேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை மதிப்பெண் பட்டியல் முழுவதையும் எனக்காகத் தட்டச்சு செய்து தந்தவர் ஓர் இளம் ஆசிரியை. "கண்ணு சரியில்லம்மா" என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இப்போது நீங்கள் படிக்கும் இந்தத் தட்டச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பேத்தி. அவள் சிரிக்கவில்லை.

விளையாட்டு என்றதும் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் போக முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தபோது அவருக்கு நூலகத் தொழில் தெரியாது. வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். படித்து வாருங்கள் என்று லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வரும். புத்தகங்களையும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து வகைப்படுத்தலாமே என்று தோன்றிய அந்தப் பொறிதான் 1933-இல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. பொம்மைக் கடையில் நின்று பாடம் படித்த நூலகர் அவர்.

ஷார்லட் பட்டியலை வைத்துக்கொள்ளத் தடை ஏதும் போடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கமுள்ள நூலகங்கள், டென்மார்க், 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் என்று அது ஊர் ஊராகப் போனது. பிறகு செல்போனுக்கென்று தனியாக ஒரு 23 வந்தது.

இப்போது அந்த முதல் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதி கல்லறை. பிளாக்லைன்ஸ் இல்லை. ரோலியோ இல்லை. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி 2017-இல் ஓய்ந்தது. டெக்னோரட்டி விளம்பரக் கம்பெனியாக மாறிப்போனது. அதைவிட வேடிக்கை, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த ஃபேஸ்புக் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அந்த ஒன்பது வாரம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2006 செப்டம்பர் 26 அன்று, அது மாணவர்களைத் தாண்டி எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஆக, பட்டியலைப் போட்டவருக்கே அடுத்து எது வரும் என்று தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஊழியர்கள் இருபத்து மூன்று முறை புதுக் கதவைத் தட்டிப் பார்த்தவர்கள். இருபத்து நான்காவதைத் தட்ட அவர்களுக்குக் கை நடுங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

கதை இனிப்பாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதார நெருக்கடி வந்து, 2010 மார்ச்சில் அதே நூலகம் 24 கிளைகளில் 12-ஐ மூடப்போவதாக அறிவித்தது. ஊர் மக்கள் கொதித்துப்போய்ப் பணம் திரட்டினார்கள். அப்போதைக்கு அந்த முடிவு நின்றது. பிறகும் ஆட்குறைப்பு வந்தது, திறந்திருக்கும் நேரம் குறைந்தது, சில கிளைகள் போயின. கற்றுக்கொண்டவருக்கு வேலை நிலைக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது. என் மாணவியிடமும் அதை மறைக்கவில்லை.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான். அந்த இரண்டு பேரையும் கல்லூரிப் பக்கத்தில் நேரடியாக எழுத வைக்காதே. யாரும் பார்க்காத ஒரு பக்கம் திறந்து கொடு. வாரம் ஒரு வேலை போதும். பக்கத்தில் நின்று, "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லாதே.

நேற்று இரவு போன் வந்தது. அந்த இருவரில் ஒருவர் முதல் வாரமே தன் வீட்டுச் செம்பருத்தியைப் படமெடுத்து ஏற்றிவிட்டாராம். இன்னொருவர் இன்னும் பக்கமே வரவில்லையாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பட்டியலில் பதினோராவது, லைப்ரரிதிங். இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கி என் அலமாரிப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 41 ஏறியிருக்கிறது. தமிழ்த் தலைப்புகளில் அங்கங்கே சிக்குகிறது. உங்களில் யாருக்காவது அது பழக்கமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வாருங்கள்.