வாலை ஒளித்த கிருமி

சென்னை ஜி.ஹெச். உங்களுக்குத் தெரியும். 1903-ல் அங்கே ஒரு விசித்திரக் காய்ச்சல். மலேரியாதான் என்று கொய்னா கொடுத்தால், ஊஹும், கேட்கவில்லை. அஸ்ஸாமில் ஊர் ஊராகக் காலி பண்ணிய அதே 'காலா அசார்'! இறந்தவர்களின் மண்ணீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் டாக்டர் சார்லஸ் டொனவன். பொடிப்பொடி உருண்டைகள். வால் கிடையாது, அசைவு கிடையாது.

டம்டம்மில் காய்ச்சல் வாங்கிக்கொண்டுபோய் இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் உடம்பில், லீஷ்மன் இதையே பார்த்திருந்தார். யார் முதலில்? சண்டைதான்! ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் ஒட்டி 'லீஷ்மேனியா டொனவனி' என்று வைத்தார். நல்ல பஞ்சாயத்து.

சரி, இது மனிதனுக்குள் எப்படி வருகிறது? 1904-ல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ், நோயாளியின் மண்ணீரல் ரத்தத்தைக் குளிர்ச்சியாக வைத்துப் பார்த்தார். உருண்டை நீண்டது. சாட்டை மாதிரி வால் முளைத்தது. நீந்தவே ஆரம்பித்துவிட்டது!

நம் உடம்புச் சூட்டில் வாலை ஒளித்துக்கொள்கிற ஆசாமி, குளிர்ந்தால் நீட்டுகிறான். அப்படியென்றால் அவனுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, ஏதோ பூச்சியின் வயிறு. காமர்ஸ் படித்த எனக்கே புரிகிற கணக்கு இது. ஆனால், எந்தப் பூச்சி? முதலில் மாட்டியது மூட்டைப்பூச்சி. பாவம், நிரபராதி. கொசுவைவிடப் பொடிசான மணல் ஈதான் குற்றவாளி என்று நிரூபிக்க 1942 ஆகிவிட்டது.