ஹெப்பாரின்: குடலிலிருந்து கேத் லேப் வரை

1916இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து அவர் பிரித்தெடுத்ததோ ரத்தத்தை உறையவே விடவில்லை. அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெல் ஆய்வைத் தொடர்ந்தார். 1918இல் அந்தப் பொருளுக்கு ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார்.

மனிதருக்குச் செலுத்தும் அளவுக்குத் தூய்மையாக அது கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1930களில் டொரன்டோவின் கன்னாட் ஆய்வகத்தில், இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த சார்லஸ் பெஸ்ட்டின் குழு, அழுகும் மாட்டு ஈரலின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அதைச் சுத்திகரித்தது. ஈரலை விட்டு மாட்டு நுரையீரல், பிறகு பன்றிக் குடல் என்று மூலப்பொருள் மாறியது. இன்று பெரும்பங்கு பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்துதான் வருகிறது. அதில் பெருமளவு சீனாவிலிருந்து. 2008இல் அந்த வழியில் கலப்படம் புகுந்து, அமெரிக்காவில் நோயாளிகள் இறந்தார்கள்.

ஹெப்பாரின் குப்பி, இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்கு வந்த பிறகுதான் மிக நுணுக்கமான வேலை. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்த, பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை என்று வைத்துக்கொள்வோம். தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே குழாயைச் செலுத்தி, நிட்டினால் கம்பியும் பாலியெஸ்டர் துணியும் கொண்ட டிவைஸால் ஓட்டையை அடைக்கிறார்கள். ரத்தத்துக்கு இவையெல்லாம் அந்நியம். பட்ட இடத்தில் உறையப் பார்க்கும். இடது மேலறையில் கடுகளவு ரத்தக்கட்டி பிரிந்தாலும் அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அதனால் கிலோவுக்கு 100 யூனிட் வீதம் 1500 யூனிட் ஹெப்பாரின். மில்லிக்கு 5000 யூனிட் குப்பியானால் 0.3 மில்லிதான், 1000 யூனிட் குப்பியானால் 1.5 மில்லி. லேபிளை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபார்ப்பதை நான் சடங்காக நினைக்கவில்லை. 2006இல் இண்டியானாபொலிஸில், மில்லிக்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பி வந்துவிட்டது. மூன்று பச்சிளங் குழந்தைகள் இறந்தன.

எடையை மட்டும் நம்பவும் முடியாது. ரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பினைத் துணைக்கு வைத்துத்தான் ஹெப்பாரின் வேலை செய்யும். பிறந்த குழந்தைக்கு, பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் அது இருக்கும். ஆகவே சில துளி ரத்தம் எடுத்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஏ.சி.டி. கருவியில் பார்க்கிறார்கள். 200, 250 விநாடிக்குக் கீழே இறங்கினால் இன்னொரு டோஸ். கூட்டுவதும் நிறுத்துவதும் அந்தக் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துத்தான்.

தமனி வழியாகப் போனால் காலுக்கும் ஆபத்து உண்டு. குழந்தையின் தமனி மெல்லியது, எளிதில் அடைபடும். ஹெப்பாரின் கொடுத்தால் அந்த அடைப்பு குறைகிறது என்று 1974இல் பாஸ்டன் மருத்துவர்கள் காட்டினார்கள்.

வேலை முடிந்து குழாயை உருவியதும் பாதத்தில் நாடி பார்க்கிறார் செவிலியர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்தின் வீரியம் பாதிக்குமேல் தணிந்துவிடும். டிவைஸின் மேல் உடலின் சொந்த உட்படலம் படர மாதங்கள் ஆகும். அதுவரை, வழக்கமாக ஆறு மாதம், ஆஸ்பிரின். குழாயை உருவிய பின் கால் வெளிறிச் சில்லிட்டு நாடி கிடைக்கவில்லையென்றால், அதே ஹெப்பாரினை டிரிப்பில் ஏற்றுகிறார்கள்.