பாறையின் நெற்றியில் ஒரு வெட்டு

கண்டி நகரைச் சூழ்ந்த மலைப்பகுதியில் மண்ணைத் தோண்டி அதற்குள் குடியிருக்கும் வழக்கம் வேரூன்றாமைக்கு அங்குப் பெய்யும் மழையையே முதற்காரணமாகக் கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறி மாறி நனைக்கும் இந்நிலத்தில், நைஸ் எனப்படும் உருமாறிய பாறை நெடுங்காலம் உக்கி உண்டான மண் சரிவுகளை மூடிக் கிடப்பதால், வீடு அமைக்கத் தோண்டும் குழியில் நீர் ஊறுவதற்கு அதிக நாள் ஆகாது. ஆகவே பூமியின் மறைவில் தங்க விரும்பிய துறவியரும் அவர்களுக்கு இடமளித்தோரும் குழி தோண்டாமல், இயற்கையாகவே சாய்ந்து கிடந்த பெரும்பாறைகளின் அடியில் இருந்த வெற்றிடத்தைத் தேடிச் சென்றனர். அத்தகைய பாறைமறைவைச் சிங்களத்தில் 'லென' என்பர்.

ஆயினும் பாறையின் அடி என்பது தானாகவே வீடாகிவிடுவதில்லை. பாறையின் வளைந்த முதுகில் விழும் மழைநீர் விளிம்பை அடைந்ததும் கீழே சொட்டிவிடாமல், கல்லோடு ஒட்டியவாறே உட்புறம் திரும்பி, கூரையின் அடிப்பக்கம் வழியாக ஊர்ந்து உள்ளே வடிகிறது. இதைத் தடுக்க, குகைவாயிலுக்கு மேலே பாறையின் நெற்றியில் இருப்புளியால் ஒரு நீண்ட காடி வெட்டப்பட்டது. தமிழ்க் கல்வெட்டாய்வாளர் 'நீர்வடி விளிம்பு' என்றும் சிங்களவர் 'கட்டாரம' என்றும் குறிப்பிடும் இவ்வெட்டின் கூர்விளிம்பை அடைந்த நீர்ப்படலம், பற்றிக்கொள்ளக் கல் இன்றி அறுபட்டு, வாயிலுக்கு வெளியே துளித்துளியாக விழுகிறது. சில விரற்கடை ஆழமேயுள்ள ஒரு வெட்டு, விலங்கு ஒதுங்கும் பொந்தை மனிதன் உறங்கும் அறையாக மாற்றியது. கண்டிப் பிரதேசக் குகைகளைக் காணச் செல்வோர் உள்ளேயுள்ள ஓவியங்களை நாடி இவ்வெட்டைக் கடந்து போய்விடுகின்றனர். எனினும் இப்பிரதேசக் கட்டடக் கலையின் முதற்பக்கம் இதுவே எனலாம்.

காடிக்குக் கீழே நனையாதிருக்கும் கற்பரப்பில்தான் கொடையாளரின் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டன. நீரைத் தள்ளிய அதே விளிம்பு எழுத்தையும் காத்தமையால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. நாற்றிசைகளிலிருந்தும் வந்த, இனி வரவிருக்கும் சங்கத்தார்க்கு இக்குகை உரியது என்பதே அவற்றின் வழமையான வாசகம். 1970இல் தொல்லியலாளர் செனரத் பரணவிதான வெளியிட்ட தொகுதியில் இவ்வகைப் பழங்கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இடம்பெற்றுள்ளன. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் 'தமெட' (தமிழ்) வணிகனான விசாகன் என்னும் இல்லறத்தானின் பெயர் ஒரு குகைக்கு இருப்பது, தமிழரும் இவ்வழக்கில் பங்குகொண்டதைக் காட்டுகிறது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் அமைந்த குகைகளும் இம்மரபுக்கு உறவானவையே.

மேலிருந்து வரும் நீரைத் தடுத்த பின், முன்புறத்தை அடைக்க வேண்டியிருந்தது. கம்புகளை நட்டு, அவற்றின் குறுக்கே சிறு கழிகளைக் கொடியால் கட்டி, இருபுறமும் குழைத்த களிமண்ணை அப்பிச் சுவர் எழுப்புவது மலைநாட்டின் பழைய முறையாகும். அக்குறுக்குக் கழியைத் தமிழர் 'வரிச்சு' என்பர். சிங்களத்திலும் 'வரிச்சி' என்றே வழங்குவதால், கைவினையும் சொல்லும் இரு மொழியார்க்கும் பொதுவாக இருந்தமை புலப்படுகிறது. இலங்கையில் 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கண்டி இராச்சியத்துக் குடிகளின் வீடுகள் இவ்வாறே தாழ்வாக இருந்தன என்றும், ஓடு வேயவோ சுண்ணாம்பு பூசவோ அவர்களுக்கு உரிமையில்லை என்றும், சுவரை வெளுக்க ஒருவகை வெண்களியைப் பயன்படுத்தினர் என்றும் எழுதியுள்ளார்.

மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படுகிறது. பேராதனையை அடுத்த ஹிந்தகலையில், ஒரு பாறையின் மறைவில், புத்தரைக் காண இந்திரன் இந்தசாலக் குகைக்கு வரும் காட்சி தீட்டப்பட்டிருப்பதால், குகைக்குள்ளேயே இன்னொரு குகையைக் காண முடிகிறது. மகாவலி ஆற்றுக்கு அப்பால் உள்ள தெகல்தொருவைப் பாறைக்கோயில், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனின் காலத்தது. தம்புள்ளையின் ஐந்து குகைகளுள் மிகப்பெரியது 52 மீற்றர் அகலமும் 23 மீற்றர் ஆழமும் உடையது. அங்கே கூரைப்பாறையின் வெடிப்பு வழியே ஒரே இடத்தில் சொட்டும் நீரைக் கீழே வைத்த ஒரு பாத்திரம் ஏந்திக்கொள்கிறது. பாறையின் மேல் ஓடும் நீரைக் காடி விலக்கும். பாறைக்குள் ஊறும் நீரை அதனால் விலக்க முடியாது. குகையை அமைத்தோர் அதையும் அறிந்து, விலக்க முடியாததைப் புனித நீராக ஏற்றுக்கொண்டனர்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னர் இச்சரிவுகளில் வேறு வகை வெட்டு நிகழ்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்க்காக மலைச்சரிவு செதுக்கிச் சமப்படுத்தப்பட்டு, சுமார் 12 அடிக்கு 10 அடி அளவான, காம்பிராக்கள் எனப்படும் அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. முன்னே இஸ்தோப்பு என்னும் தாழ்வாரமும் பின்னே செங்குத்தாக வெட்டப்பட்ட மண்திட்டுமாக அமைந்த, லயங்கள் என வழங்கிய இவ்வரிசைகளுள் பல பாதி மண்ணுக்குள் புதைந்த வீடுகளாகவே இருந்தன. குகையில் வாழ்ந்த துறவிக்கு மலையே கூரை. லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கோ மலை பின்சுவரில் சாய்ந்து நிற்கும் ஈரமண். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஊவா மாகாணத்துக் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் சரிவே பெயர்ந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டங்களில் வடிகாலுக்குக் 'கான்' என்று பெயர். மண் கரையாதிருக்கத் தேயிலைச் செடிகளின் நிரைகளுக்கிடையே மலைமுழுதும் கான் வெட்டுவது தோட்டத்து நாட்சம்பள வேலைகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. லயத்தின் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் இடையே ஓடும் குறுகிய கானிலிருந்து சருகையும் சரிந்த மண்ணையும் அள்ளி, நீருக்கு வழிவிடும் வேலையை அங்குக் குடியிருப்போரே மழைக்கு முன் மண்வெட்டியுடன் செய்துகொள்கின்றனர்.