உயர்குடிக் கரும்பும் ஆற்றோர நாணலும்: ஜானகி அம்மாளின் ஆய்வுகளை முன்வைத்து



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் மேடையில் ஒரு தாவரவியலாளரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். கூடவே சித்த மருத்துவர். ஒரு கையில் மூலிகை, மறு கையில் அச்செழுத்து. பின்னால் வந்த நாம் அவருடைய வரலாற்றெழுத்தை எடுத்துக்கொண்டோம், பௌத்தத்தை எடுத்துக்கொண்டோம், இலக்கணத்தைக்கூட விவாதித்தோம். செடியை மட்டும் விட்டுவிட்டோம். அறிவியல் ஆய்வுத்தாள் என்பது நம் வாசிப்புக்கு உரிய பிரதி அல்ல என்று நாமே ஒதுக்கிவைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

இன்னொரு காரணம் ஊர் சம்பந்தப்பட்டது. நாம் கூடியிருக்கும் இந்த மேனாம்பேட்டிலிருந்து தெற்கே தொழிற்பேட்டையைத் தாண்டி, முகப்பேரைக் கடந்து கூவத்தை நோக்கிப் போனால் சில கிலோமீட்டரில் மதுரவாயல். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகம் இருந்தது. 1970 நவம்பரில் சென்னைக்கு வந்த ஈ.கே. ஜானகி அம்மாள், 1984 பிப்ரவரி 7ஆம் நாள் தம் 86ஆம் வயதில் இறக்கும்வரை அந்தக் கள ஆய்வகத்தில்தான் வாழ்ந்தார், மூலிகைத் தோட்டம் வளர்த்தார், ஆய்வு செய்தார். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று இந்த மேற்குப் புறநகரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏரிகளை எழுதுகிறார்கள், ஆலைகளை எழுதுகிறார்கள். இவரை எழுதுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஜானகி அம்மாள் தலித் அல்லர். 1897இல் தலச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துணை நீதிபதி. வீட்டில் நூலகம் இருந்தது. தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேய அதிகாரி. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பலவும் அவருக்குக் கிடைத்தன. ஆனாலும் நம்பூதிரியைக் கண்டால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைக்கப்பட்டிருந்த சாதி அது. வசதி இருந்தாலும் அந்த அளவுகோல் மறைந்துவிடுவதில்லை. அவரை நம் ஆள் என்று உரிமை கொண்டாடவோ, நமக்கு வேண்டாதவர் என்று தள்ளிவிடவோ அவசரப்பட வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு. ஆய்வைப் படிப்போம்.

சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்துவந்தவர், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் முனைவர் பட்டம். அவருடைய துறை உயிரணு மரபியல். செடியின் வேர்நுனியை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, பிரியும் உயிரணுக்களில் குரோமோசோம்களை எண்ணுவது அதன் அடிப்படை வேலை. கேட்க எளிது. கரும்பைப் போல நூறை நெருங்கும் எண்ணிக்கை உள்ள செடியில் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளைப் பிரித்து எண்ணப் பொறுமை வேண்டும், கண் வேண்டும். டி.என்.ஏ.யின் வடிவம் 1953இல்தான் வெளிவந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, ஒரு செடியின் வம்சாவளியை அதன் உயிரணுவுக்குள் தேடிய தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். கத்தரியில் குரோமோசோம் தொகுதிகள் மடங்காகப் பெருகுவதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1934இல் வெளிவந்தது. அதே ஆண்டு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

கரும்பின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருமனாகவும் சாறு மிகுந்தும் இருக்கும் கரும்பினத்துக்கு ஜாவாவிலிருந்த டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘உயர்குடிக் கரும்பு’. பெயரைக் கவனியுங்கள். அந்த உயர்குடிக்கு நோய் தாங்கும் சக்தி குறைவு. ஆற்றோரத்தில், ஏரிக்கரையில், யாரும் நடாமல் தானே வளரும் நாணலுக்கு இனிப்பு இல்லை. ஆனால் வறட்சியும் வெள்ளமும் நோயும் தாங்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இரண்டையும் கலந்து பெற்ற பிள்ளையை மறுபடி மறுபடி உயர்குடிக் கரும்போடு சேர்த்து இனிப்பைக் கூட்டுவார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உயர்குடியாக்கல்’. சமூகவியல் படித்தவர்களுக்கு எம்.என். சீனிவாஸின் ‘சமஸ்கிருதமயமாதல்’ ஞாபகத்துக்கு வந்தால் அது அவர்கள் குற்றமல்ல.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய நிலையம் இதே வழியில் போனது. ‘வெள்ளை’ என்ற உயர்குடி ரகத்தையும் உள்ளூர் நாணலையும் கலந்து கிடைத்த கோ 205, 1918இல் சாகுபடிக்கு வந்தது. பின்வந்த கோ ரகங்கள் கடல் கடந்தன. கோ 281, கோ 290 ஆகியவை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயின. அவற்றுக்கு முன்பே நம் மக்கள் அங்கே போயிருந்தார்கள். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் இறங்கியது நேட்டாலின் கரும்புக் காட்டில்தான். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் ‘பறையர்’ என்று சாதியும் எழுதப்பட்டிருந்தது. கடல் கடந்த கரும்புக்குக் ‘கோ’ என்று பிறந்த ஊரின் முத்திரை. கடல் கடந்த மனிதருக்குச் சாதியின் முத்திரை.

இந்தக் கோயம்புத்தூரில் ஜானகி அம்மாள் செய்தது ஒருபடி மேலே. கரும்பை நாணலோடு மட்டுமல்ல, வேறு பேரினப் புற்களோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்து பிறந்த செடியைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதில் ஆசிரியராக இருப்பது ஒரே பெயர், அவருடையது. நாணலின் பிறப்பிடம் இந்தியா என்று நிறுவ உதவியதும் அவர் ஆய்வுகள். வேலிகளாகக் கருதப்பட்டவை அவ்வளவு இறுக்கமானவை அல்ல என்று அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாகக் காட்டின.

ஆனால் வேலிகள் ஆய்வகத்துக்கு வெளியே இறுக்கமாகவே இருந்தன. தனித்து வாழும் பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதிக்காரர் என்பதால் சக ஆண் ஆய்வாளர்களோடு அவருக்குச் சிக்கல் இருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாதி, பாலினம், இனம் மூன்றும் அவர் ஆய்வு வாழ்க்கையை எப்படிக் குறுக்கிட்டன என்று வினிதா தாமோதரன் விரிவாக எழுதியிருக்கிறார். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவரை உலகப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்தியது. ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல் சி.டி. டார்லிங்டனும் அவரும் இணைந்து எழுதிய ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ வெளிவந்தது. உலகெங்கும் பயிர் மரபியலாளர்களின் மேசையில் இருந்த நூல். 1955இல் பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக விரிந்து இரண்டாம் பதிப்பு வந்தபோது அட்டையில் டார்லிங்டனும் வைலியும் இருந்தார்கள். ஜானகி அம்மாள் பெயர் இல்லை.

அந்த டார்லிங்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரபியலில் பெரிய ஆள். இன வேறுபாடு பற்றி 1950களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையை எதிர்த்தவர்களில் ஒருவர். மனிதரின் வர்க்க, இன வேறுபாடுகள் பரம்பரையில் ஊன்றியவை என்று 1969இல் பெரிய நூலே எழுதினார். ஒரே குரோமோசோம்களை எண்ணிய இரண்டு பேரில் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆகவே, ‘செடியைப் பார்த்தீர்களா, கலப்புதான் இயற்கை, அதனால் சாதி பொய்’ என்று நாம் மேடையில் முழங்கும்போது எச்சரிக்கை தேவை. செடியிலிருந்து மனிதருக்குத் தாவும் அதே பாலத்தில்தான் எதிராளியும் நடந்து வருகிறார்.

அண்ணல் அம்பேத்கர் இந்தப் பொறியை 1936இலேயே கண்டுகொண்டவர். ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி இனத்தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை அவர் நேரடியாகவே சந்திக்கிறார். பஞ்சாப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் என்ன இன உறவு என்று கேட்கிறார். இரு பகுதித் தீண்டப்படாதவரைப் பற்றியும் அதே கேள்வி. ஆனால் அவர் வாதம் அதோடு நிற்பதில்லை. மனிதரைச் சமமாக நடத்துவதற்கு உயிரியலின் அனுமதிச் சீட்டை அவர் கேட்டு நிற்கவில்லை.

அந்த அனுமதி பின்னால் வந்தது. ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2009இலும் 2013இலும் வெளியிட்ட மரபணு ஆய்வுகள், இந்தியாவில் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்திருந்தார்கள், அதன்பின் அகமணம் இறுகியது என்று காட்டின. மகிழ்ச்சி. நம் கூட்டங்களில் இதைச் சொல்கிறோம், சொல்வோம். ஆனால் முடிவு வேறாக வந்திருந்தாலும் நம் கோரிக்கை ஓர் அங்குலம் குறைந்திருக்காது. கரும்பிலும் இப்படித்தான். இன்றைய கரும்பின் குரோமோசோம்களில் சுமார் 10 முதல் 20 விழுக்காடு நாணலுடையது என்று மூலக்கூறு முறைகள் பிரித்துக் காட்டிவிட்டன. நாணலின் மரபணுத் தொகுப்பே 2018இல் வெளிவந்துவிட்டது. மறுதாம்பில் துளிர்க்கும் சக்தி அந்தச் சிறு பங்கிலிருந்து வருகிறது. இதையெல்லாம் அறிவது இன்பம். நீதிக்கு இதைச் சாட்சியாக அழைக்க வேண்டியதில்லை.

ஜானகி அம்மாளிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. கரும்பைக் கலப்பது ஒருவர் வேலையல்ல. பூங்கதிருக்கு உறை போட்டு, விடியலில் மகரந்தம் தூவி, தூசி போன்ற விதையை முளைக்கவைத்து, நாற்றைக் காக்கப் பல கைகள் வேண்டும். பிற்காலத்தில் ஆதிவாசிகளின் தாவர அறிவைத் தேடிக் காடுகளுக்குப் போனார். அங்கும் வழிகாட்டியவர்கள் உண்டு. தாளின் தலைப்பில் அந்தப் பெயர்கள் ஏறவில்லை. இது அவர் ஒருவரின் குறை அல்ல, அறிவியலின் வழக்கம். அட்டையிலிருந்து பெயர் மறைவதன் வலியை அறிந்தவரிடம் சற்று அதிகமாக எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான்.

1951இல் நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1955இல் பிரின்ஸ்டனில் நடந்த புகழ்பெற்ற சுற்றுச்சூழல் கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் அவர்தான். இந்திய உழவரின் வயிற்றுப்பாட்டு வேளாண்மையைப் பற்றி அங்கே பேசினார். 1977இல் பத்மஸ்ரீ. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்தவர்களில் எண்பது வயது கடந்த அவரும் இருந்தார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில், அவர் மதுரவாயலில் இறந்து ஒன்பது மாதம் கழித்து.

ஆய்வகத்தின் கதவு இன்றும் நம் பிள்ளைகளுக்கு எப்படித் திறக்கிறது என்பதை 2008இல் செந்தில்குமாரின் சாவும் 2016இல் ரோஹித் வெமுலாவின் சாவும் சொல்கின்றன. இருவரும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள். செந்தில்குமார் சேலம் மாவட்டத்துப் பிள்ளை, இயற்பியல் படித்தவர். ரோஹித் அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர்; தம் கடைசிக் கடிதத்தில் அதைத்தான் எழுதிவைத்தார். இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் ஜானகி அம்மாளின் 1938ஆம் ஆண்டுக் குறிப்பை நாம் வாசிக்க முடியும்.

வரும் மாதத்திலிருந்து நம் மாலை வகுப்பில் ஒரு நுண்ணோக்கி இருக்கும். பழையது, உறுப்பினர் ஒருவர் வாங்கித் தந்தது. வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளைமேல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். நுனியைக் கிள்ளிச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை 16. பதினான்கு என்று சொல்கிற பிள்ளையை மறுபடி எண்ணச் சொல்வோம்.