பார்த்தீனியம் அரிப்பு: படை என்று நினைத்துக் களிம்பு தடவாதீர்கள்

வரப்பு, வாய்க்கால் கரை, சாலையோரம், தரிசு என எங்கு பார்த்தாலும் மண்டிக்கிடக்கும் களை பார்த்தீனியம். இலை கேரட் இலைபோல இருப்பதால் கேரட் செடி என்றும், சில ஊர்களில் காங்கிரஸ் செடி என்றும் சொல்வார்கள். விளைச்சலைக் குறைக்கும் களை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், வயலில் வேலை செய்பவரின் தோலையும் இது கெடுக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. இதனால் வரும் அரிப்பைப் படர்தாமரை என்றோ, வெயில் கொப்புளம் என்றோ நினைத்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவி, வருடக்கணக்கில் அவதிப்படுபவர்கள் உண்டு. இந்த அரிப்பை அடையாளம் காண்பது, சிகிச்சை பெறுவது, வராமல் தடுப்பது ஆகியவற்றை இங்கே பார்ப்போம்.

அரிப்பு ஏன் வருகிறது?

மத்திய அமெரிக்கா, மெக்சிகோ வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடி, இந்தியாவில் 1950-களின் நடுவில் புனே பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் பரவிவிட்டது. இதன் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் மேல் இருக்கும் மெல்லிய ரோமங்களில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் உள்ளது. ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இதுதான்.

செடியைக் கையால் தொட்டால்தான் அரிப்பு வரும் என்பதில்லை. காய்ந்த செடி நொறுங்கித் தூளாகிக் காற்றில் பறக்கும். அந்தத் தூள் முகத்திலும் கழுத்திலும் படிந்தாலே போதும். காய்ந்து சருகான பிறகும் நச்சுத்தன்மை போவதில்லை. பூக்களின் மகரந்தம் சிலருக்குத் தும்மல், மூக்கொழுகல், இளைப்பு ஆகியவற்றையும் உண்டாக்கும்.

இது எல்லோருக்கும் வருவதில்லை. முதல் நாள் தொட்டவுடனும் வருவதில்லை. பல மாதங்கள், பல வருடங்கள் செடியோடு பழகிய பிறகு ஒரு கட்டத்தில் உடல் இதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அதன்பின் கொஞ்சம் தூள் பட்டாலும் அரிப்பு வரும். "இருபது வருசமா இந்தச் செடியைத்தானே பிடுங்குறேன், இத்தனை நாள் ஒன்னும் ஆகலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு குழப்பமும் உண்டு. செடி பட்டு 1 முதல் 3 நாள் கழித்துத்தான் தடிப்பு தெரியும். அதற்குள் என்ன வேலை செய்தோம் என்பதை மறந்துவிட்டு, முந்தின நாள் சாப்பிட்ட கத்தரிக்காய் மீதும் கருவாடு மீதும் பழியைப் போடுகிறோம்.

எப்படி அடையாளம் காண்பது?

கீழ்க்கண்டவற்றில் பல ஒன்றாக இருந்தால் பார்த்தீனியம் ஒவ்வாமையாக இருக்கலாம்.

• கண் இமை, நெற்றி, கழுத்து, சட்டைப் பித்தான் திறந்திருக்கும் மேல் மார்பு ஆகிய இடங்களில் சிவந்து, தடித்து, அரிக்கும்.
• முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு போல வியர்வையோடு தூள் தங்கும் இடங்களிலும் வரும்.
• காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழ் ஆகிய வெயில் படாத இடங்களிலும் இருக்கும். வெயில் ஒவ்வாமை என்றால் இந்த மறைவான இடங்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும்.
• களை செழித்து வளர்ந்து பூக்கும் காலத்தில் அதிகமாகும். வேறு ஊருக்குச் சென்று சில வாரம் தங்கினால் குறையும். திரும்பி வந்தால் மீண்டும் வரும்.
• நாள்பட்டால் தோல் கறுத்து, தடித்து, யானைத்தோல்போலச் சொரசொரப்பாகிவிடும்.

படர்தாமரை வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து, நடுவில் ஆறியதுபோல் தெரியும். இடுப்பு, தொடை இடுக்கில் அதிகம் வரும். பூனைக்காலி, செந்தட்டி பட்டால் அப்போதே அரிக்கும். சில மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், சேங்கொட்டைப் பால் ஆகியவை பட்ட இடத்தில் புண்ணும் கொப்புளமும் ஆகும். மருந்து தெளித்த அன்றே எரிச்சல் வந்தால் பூச்சிக்கொல்லி காரணமாக இருக்கலாம். அப்போது மருந்து டப்பாவின் லேபிளையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சந்தேகம் தீர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒட்டுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முதுகில் சிறிய பட்டையை ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இதில் தெரியும்.

அரிப்பு வந்தவுடன் என்ன செய்வது?

1. செடி இருக்கும் இடத்தைவிட்டு உடனே விலகுங்கள். இதுதான் முதல் மருந்து.
2. முகம், கழுத்து, கைகளை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். நகத்தின் அடியையும் கழுவுங்கள். இல்லையென்றால் சொறியும்போது தூள் மற்ற இடத்துக்குப் போகும்.
3. போட்டிருந்த உடையைக் கழற்றித் தனியாகத் துவையுங்கள். தலைத்துண்டை மறக்காதீர்கள். அதே துண்டால் முகம் துடைப்பதால்தான் கண் இமை வீங்குகிறது.
4. நீர் கசிந்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, 10 முதல் 15 நிமிடம் மேலே போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு 3, 4 முறை செய்யலாம்.
5. நீர்க்கசிவு நின்று, தோல் வறண்டு வெடித்தால் தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை இல்லாத வாசலின் தடவலாம்.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கிருமிநாசினித் திரவம், அரைத்த பச்சிலை ஆகியவற்றைப் புண்ணான தோலில் போடாதீர்கள். எரிச்சல் கூடும், சில பச்சிலைகளே புதிய ஒவ்வாமையைக் கொண்டுவரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், பிறகு அரிப்பு இரட்டிப்பாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டும், படைக்கான மருந்தும், கிருமிக்கான மருந்தும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் செடி வயலில் அப்படியே நிற்கிறது. தடவுவதை நிறுத்தியதும் மீண்டும் வரும். மறுபடி டியூப், மறுபடி அரிப்பு என்று ஓடிக்கொண்டே இருக்கும். முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைக்கும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து தடவினால் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வையே பாதிக்கலாம்.

மருத்துவர் என்ன சிகிச்சை தருவார்?

ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். அது தவறான மருந்து அல்ல. எந்த வீரியம், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும் என்பதே முக்கியம். அரிப்பு குறைய மாத்திரை தருவார். அதில் சில தூக்கம் வரவழைக்கும். சாப்பிட்டுவிட்டு டிராக்டர், பைக் ஓட்டாதீர்கள். கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கம் போகாதீர்கள்.

உடல் முழுவதும் பரவியவர்களுக்குச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையோ, அசாதயோபிரின் போன்ற மருந்தோ கொடுப்பார்கள். அசாதயோபிரின் சாப்பிடுபவர்கள் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஸ்டீராய்டு இரண்டையும் கூட்டும். பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

கண் மூடும் அளவுக்கு வீக்கம், மூச்சுத்திணறல், சீழும் காய்ச்சலும், உடல் முழுவதும் சிவந்து தோல் உரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வராமல் தடுக்க

• முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துண்டு, கையுறை, முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள். கையுறை இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.
• வயலுக்கு என்று தனி உடை வையுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். செடி மண்டிய வேலியில் துணி காயப்போடாதீர்கள்.
• வீடு திரும்பியதும் குளித்துவிட்டுப் பிறகு குழந்தைகளைத் தூக்குங்கள்.
• காய்ந்த செடியை வெட்டவோ, கூட்டவோ, களத்துமேட்டில் குவிக்கவோ வேண்டாம். தீ வைத்தால் தூளும் புகையும் சேர்ந்து ஊருக்கே பரவும்.
• ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் கையுறை போட்டும் இந்தச் செடியைப் பிடுங்கக் கூடாது. அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். ஊரக வேலைத் திட்டத்தில் களை எடுக்கச் சொன்னால் பணித்தளப் பொறுப்பாளரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி வேறு வேலை கேளுங்கள்.
• சாமந்தி, சூரியகாந்தி, மருளூமத்தை ஆகியவை பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத பலருக்கு இவையும் அரிப்பைத் தரும். சாமந்தி பயிரிடுபவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள்.

செடியை ஒழிப்பதே நிரந்தரத் தீர்வு

முளைத்த 4 முதல் 6 வாரத்தில் பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். எனவே பூக்கும் முன் அழிப்பதுதான் கணக்கு. பூத்த பிறகு பிடுங்கினால் விதையும் உதிரும், தூளும் பறக்கும்.

மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியை எருக்குழியில் போட்டு மட்க வைக்கலாம். பூத்த செடியைப் போட வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் கசக்கும், மாட்டுக்கும் தோல் நோய் வரும்.

பயிர் இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மி.லி. சோப்புக் கரைசலும் கலந்து, இலை நன்கு நனையும்படி வெயில் நேரத்தில் தெளிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால் வயலுக்குள்ளும், மழைநீர் வயலுக்கு ஓடிவரும் மேட்டிலும் தெளிக்கக் கூடாது. களைக்கொல்லி பயன்படுத்துவதாக இருந்தால் வேளாண் அலுவலரிடம் கேட்டு, பக்கத்துப் பயிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பருத்தி, தக்காளி, திராட்சை அருகில் இருந்தால் 2,4-டி தெளிக்கவே வேண்டாம்; காற்றில் போகும் சாரலே பயிரைச் சுருட்டிவிடும்.

மெக்சிகோ வண்டு என்ற இலை தின்னும் வண்டு, 1980-களில் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையில் மஞ்சள் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட சிறிய வண்டுகளைப் பார்த்தால் அழிக்காதீர்கள். அவை உங்களுக்கு வேலை செய்கின்றன. களை எடுத்த தரிசை வெறுமனே விடாமல் தகரை, துத்தி விதைகளைத் தூவினால் பார்த்தீனியம் மீண்டும் தலைதூக்குவது குறையும்.

ஊராகச் சேர்ந்து செய்யுங்கள்

உங்கள் வயலில் மட்டும் ஒழித்துப் பயனில்லை. பக்கத்துத் தரிசில் நிற்கும் செடியின் தூள் உங்கள் கழுத்தில்தான் படியும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நாடு முழுவதும் நடத்தப்படுகிறது. அந்த வாரத்தில் ஊராட்சியிடம் சொல்லி, பள்ளி வளாகம், குளக்கரை, சாலையோரம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் இன்னொரு முறை செய்தால், அந்த மழைக்கு முளைத்தவற்றையும் பூக்கும் முன் பிடித்துவிடலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கழுத்திலும் இமையிலும் அரிப்பு விட்டுவிட்டு வந்தால், அடுத்த டியூப் வாங்கும் முன் வீட்டையும் வயலையும் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். செடி கண்ணில் பட்டால், அதில் ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். களையை ஒழிக்கும் முறைகளுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் உதவி எண்ணையோ தொடர்புகொள்ளலாம்.